தேநீர் மேசையும் திறவாத நூலும்

நூலாசிரியரைப் போற்றும் முறைகள் உலகிற் பல. சிலை நாட்டுதல் ஒன்று. வீதிக்கு அவர் பெயரிடுதல் ஒன்று. அவர் வாழ்ந்த இல்லத்தைக் காட்சிச் சாலையாக்குதல் ஒன்று. ஆங்கில நாட்டிலே இவற்றோடு இன்னுமொரு முறையும் வழங்குகின்றது. நாவலாசிரியர் ஒருவரின் பெயரால் தேநீரகம் அமைத்து, அவர் காலத்து உடையணிந்த பணியாளரை அங்கு நிறுத்தி, அவர் படைத்த பாத்திரங்களின் பெயர்களைச் சிற்றுண்டி வகைகளுக்குச் சூட்டி, பிற்பகல் வேளையில் விருந்தினரை வரவேற்பதே அம்முறையாம். இது நூலுக்குச் செய்யும் சிறப்போ, அன்றி நூலை மறப்பிக்கும் உபாயமோ என்பதே இவ்வியாசத்தில் யான் ஆராயப் புகுந்தது. "தேநீர் பருகுவதிலே ஆராய்ச்சிக்கு இடமேது?" என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். அத்தகைய மேசையொன்றில் மகிழ்ச்சியோடு அமர்ந்து, நாணத்தோடு எழுந்தவன் யான். ஆதலின் இதனை எழுதும் உரிமை எனக்குச் சிறிது உண்டென்று கருதுகின்றேன்.

சென்ற கோடை விடுமுறையில், பிரிஸ்டல் நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணிபுரியும் என் தமக்கையாரைக் காணச் சென்றிருந்தேன். அவருக்குக் கிடைத்த ஓய்வு நாள் ஒன்றில், "தம்பி, நீ இலக்கிய மாணவனாயிற்றே, உனக்கேற்ற இடமொன்றைக் காட்டுகிறேன், வா" என்று கூறி, என்னைப் பாத் நகருக்கு அழைத்துச் சென்றார். இரயிலில் ஏறிக் கால் மணி நேரத்தில் அந்நகரை அடைந்தோம். உரோமர் காலந்தொட்டு வெந்நீர் ஊற்றுகளாற் பெயர்பெற்ற ஊர் அது. தேனின் நிறமுள்ள கல்லாற் கட்டப்பெற்ற வீடுகள் ஒரே அளவினவாய் வரிசை வரிசையாக நிற்கும் காட்சி கண்ணுக்கு இனியது. நகரின் நடுவே குயின் சதுக்கத்திலிருந்து மேட்டை நோக்கி ஏறும் கே வீதியில், 40ஆம் எண்ணுள்ள இல்லத்தில் அமைந்துள்ளது ஜேன் ஆஸ்டின் நிலையம். அதன் மாடியிலே உள்ளது யாங்கள் தேடிச் சென்ற தேநீரகம்.

அங்கு யாம் பெற்ற உபசாரத்தில் ஒரு குறையும் கூறுதற்கில்லை. இருநூறு ஆண்டுகட்கு முந்திய உடையும் தொப்பியும் அணிந்த மங்கையர் எம்மை வரவேற்று அமரச் செய்தனர். வெண்ணிற விரிப்பின்மேற் பூவேலை செய்த பீங்கான் கோப்பைகள் வந்தன. பின்னர் மூன்றடுக்குத் தட்டு வந்தது. கீழடுக்கில் விரலளவாக அரிந்த சாண்ட்விச்சுகள். நடுவடுக்கில் ஸ்கோன் என்னும் சிறு ரொட்டிகளும் அவற்றின்மேல் தடவிக்கொள்ளக் கெட்டியான பாலாடையும் பழப்பாகும். மேலடுக்கில் இனிப்புப் பண்டங்கள். உணவுப் பட்டியலிலே 'டார்சியுடன் தேநீர்' என்று ஒரு வகை காணப்பட்டது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த தொலைக்காட்சித் தொடரில் டார்சியாக நடித்த நடிகரின் உருவப்படம் சுவரிலிருந்து எம்மை நோக்கிக்கொண்டிருந்தது. வந்திருந்தோரிற் பலர் அப்படத்தின் அருகே நின்று தம்மைப் படம் பிடித்துக்கொண்டனர். யானும் பிடித்துக்கொண்டேன்; மறைப்பானேன்?

தேநீரை வார்த்துக்கொண்டே என் தமக்கையார், "தம்பி, இந்த அம்மையார் எழுதிய நாவல்களில் நீ எத்தனை படித்திருக்கிறாய்?" என்று கேட்டார். கள்ளமற்ற கேள்விதான். ஆயினும் அஃது என்னைத் திடுக்கிடச் செய்தது. பள்ளியிற் பாடமாக வைத்த சுருக்கப் பதிப்பொன்றின் சில பக்கங்களும், திரைப்படமாகக் கண்ட கதையுமே என் கைம்முதல். அதனை உள்ளபடி உரைக்க நாவெழவில்லை. "ஆங்கில நாவல்களுள் அவற்றிற்கு இணை ஏது, அக்கா! மனித இயல்பை அவ்வளவு நுட்பமாக எழுதியவர் வேறு யார்?" என்று விடை பகர்ந்தேன். கேட்ட கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது. கூறிய விடை புகழ்ச்சி. என் தமக்கையார் சிறு வயது முதல் என்னை அறிந்தவர். புன்முறுவலோடு ஸ்கோன் ஒன்றை என் தட்டில் வைத்தாரேயன்றி வேறொன்றும் கூறவில்லை.

அடுத்த மேசையில் ஒரு முதியவரும், பத்து வயது மதிக்கத்தக்க அவர்தம் பேத்தியும் அமர்ந்திருந்தனர். சுவரிலிருந்த படத்தைச் சுட்டி, "யார் தாத்தா இவர்?" என்று சிறுமி வினவினாள். முதியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஐந்து பெண்மக்களையுடைய ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினார். இடையிடையே ஒரு பாத்திரத்தின் குரலைப் போலத் தம் குரலை மாற்றிப் பேசினார். சிறுமி உண்பதை மறந்து கேட்டாள். அவர்தம் தேநீர் ஆறிப்போயிற்று. அக்கூடத்திலே தேநீர் ஆறிப்போகும் அளவுக்கு நூலை நினைந்தவர் அவரொருவரே என்று அப்பொழுது எனக்குத் தோன்றிற்று.

எழும் வேளையில் என் தமக்கையார் கட்டணத்துக்காகப் பத்துப் பவுன் நோட்டுகள் சிலவற்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்நோட்டிலும் ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் உருவமே இருந்தது. அவர் மறைந்து 200 ஆண்டுகள் நிறைந்த 2017ஆம் ஆண்டில் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட நோட்டு அது. உருவத்தின் கீழே, வாசிப்பைப்போல இன்பம் தருவது பிறிதில்லை என்னும் கருத்துள்ள வாக்கியமொன்று பொறிக்கப்பட்டிருந்தது. "எவ்வளவு பொருத்தமான வாக்கியம்!" என்று யான் வியந்தேன்.

என் வியப்பின் அறியாமை, கல்லூரிக்கு மீண்ட பின்னரே எனக்குப் புலனாயிற்று. தமக்கையாரின் புன்முறுவல் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தமையால், நூல் நிலையத்திலிருந்து 'பிரைடு அண்டு பிரஜுடிஸ்' என்னும் நாவலை எடுத்து முதலிலிருந்து வாசிக்கலானேன். 11ஆம் அதிகாரத்தில் அவ்வாக்கியம் எதிர்ப்பட்டது. அதனைக் கூறுபவள் யார்? கரோலின் பிங்லி என்பவள். டார்சி ஒரு நூலை வாசித்துக்கொண்டிருக்கின்றான். அவன் கருத்தைத் தன்பால் ஈர்க்க விரும்பிய அப்பெண், அதே நூலின் இரண்டாம் பாகத்தைக் கையிலெடுக்கின்றாள். அவன் வாசிப்பது முதற்பாகம் என்பதொன்றே அவள் அதனைத் தேர்ந்ததற்குக் காரணம். சிறிது நேரத்துக்குள் கொட்டாவி விட்டு, வாசிப்பின் பெருமையை வாயாரப் புகழ்ந்துவிட்டு, நூலை எறிந்துவிடுகின்றாள். வாசியாதவளின் வாயிலே வாசிப்பின் புகழ்ச்சியை வைத்து நகையாடினார் ஆசிரியர். அந்நகையை உணராமல் யான் அதனைப் பொன்மொழியாகக் கொண்டேன். தேநீரகத்தில் என் தமக்கையாருக்கு யான் கூறிய விடையை எண்ணினேன். அம்மேசையில் அமர்ந்திருந்த கரோலின் பிங்லி யானே என்பது தெளிவாயிற்று.

நிற்க. நாவலை முடித்தபின் ஆசிரியரின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். யாங்கள் தேநீர் பருகிய அவ்வீதியே அவர் வாழ்வில் யாது பொருளுடையது என்பதை அறிந்தபோது வியப்பும் வருத்தமும் ஒருங்கே எய்தின. ஜேன் ஆஸ்டினின் தந்தையார் ஜார்ஜ் ஆஸ்டின், திருச்சபைக் குரு. அவர் 1801ஆம் ஆண்டில் ஓய்வுபெற்று மனைவியோடும் இரு பெண்மக்களோடும் பாத் நகரிற் குடியேறினார். 1805ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அங்கேயே காலமானார். குருவின் வருமானம் அவர் மூச்சோடு நின்றது. போதகர் குடும்பங்களிற் பிறந்த நம் கல்லூரி அன்பர்கள் இதன் பொருளை எளிதில் உணர்வர். தாயும் இரு பெண்களும், ஆண்மக்கள் ஆண்டுதோறும் அளிக்க முன்வந்த தொகையை நம்பி வாழும் நிலை வந்தது. அவ்வாண்டிலே அவர்கள் வாடகைக்கு இருந்த இடம் இதே கே வீதியில் 25ஆம் எண்ணுள்ள இல்லம். மறு ஆண்டில் நகரையே விட்டு நீங்கினர். அவ்வாறு நீங்கியபோது விடுதலை பெற்றாற்போன்ற உவகை தமக்கு உண்டாயிற்று என்று அவர் பின்னொரு நாள் தம் தமக்கையாருக்கு எழுதிய கடிதத்திற் குறித்திருக்கின்றார். இன்று அவர் பெயரால் விருந்து நிகழும் வீதி, அன்று அவர் சிக்கனம் பழகிய வீதி.

பத்துப் பவுன் நோட்டின் கதையும் அத்தகையதே. பிற்காலத்தில் 'நார்தாங்கர் ஆபி' என்று பெயர்பெற்ற நாவலை, 'சூசன்' என்னும் பெயரோடு 1803ஆம் ஆண்டில் ஒரு பதிப்பாளருக்கு அவர் விற்றார். விலை 10 பவுன். வாங்கியவர் அதனை அச்சிடவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து ஆசிரியர் கேட்டெழுதியபோது, கொடுத்த தொகையைத் தந்து மீட்டுக்கொள்ளலாம் என்று விடை வந்தது. மீட்கும் வசதி 1816ஆம் ஆண்டிலேதான் வாய்த்தது. அந்நூல் அச்சேறியது 1817ஆம் ஆண்டு டிசம்பரில். ஆசிரியரோ அவ்வாண்டு ஜூலை 18ஆம் நாளே மறைந்துவிட்டார். புகழ்மிக்க 'பிரைடு அண்டு பிரஜுடிஸ்' நாவலின் உரிமைக்கு அவர் பெற்றது 110 பவுன். அவர் உயிரோடிருந்த நாளில் வெளிவந்த நூல்களில் ஒன்றிலேனும் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை. பத்துப் பவுனுக்கு ஒரு நாவலை விற்று, அதனை அச்சிற் காணாமல் இறந்த அம்மையாரின் உருவமே இன்று பத்துப் பவுன் நோட்டிற் புன்னகை செய்கின்றது!

இவற்றை எழுதுவது இரக்கத்தைத் தூண்டுவதற்காக அன்று. பணமும் வறுமையும் அவர் நாவல்களின் நரம்பும் எலும்பும் ஆதலின் எழுதுகின்றேன். டார்சியின் ஆண்டு வருமானம் 10,000 பவுன் என்பது, அவன் இயல்பு இன்னதென்று நாம் அறிவதற்கு முன்னரே ஊரெங்கும் பரவிவிடுகின்றது. பென்னட் என்பாரின் நிலத்துக்கு ஆண்டு வருமானம் 2,000 பவுன். ஆனால் ஆண்மகவு இல்லாமையால் அந்நிலம் தூரத்து உறவினன் ஒருவனைச் சேரும். ஐந்து பெண்களின் திருமணக் கவலை அந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றது. 'சென்ஸ் அண்டு சென்சிபிலிட்டி' என்னும் நாவலில் தாயும் மூன்று பெண்களும் ஆண்டுக்கு 500 பவுனில் வாழப் புகுகின்றனர். ஆஸ்டின் அம்மையார் காதலைப் பாடியவர் என்பது உண்மையிற் பாதி; அக்காதலின் அருகே வரவு செலவுக் கணக்கை எப்பொழுதும் திறந்து வைத்தவர் என்பது மறுபாதி. தேநீர் மேசையிலே விரிப்பு இருக்கின்றது, பீங்கான் இருக்கின்றது, டார்சியின் படமும் இருக்கின்றது. அக்கணக்குப் புத்தகத்தை மட்டும் காணோம். அதனைக் காட்டும் கடமை தேநீரகத்துக்கு இல்லை. அஃது இருக்குமிடம் நூல் ஒன்றே.

இன்னும் ஒன்று. பிற்பகலில் ரொட்டியும் இனிப்பும் அடுக்கி வைத்துத் தேநீர் பருகும் வழக்கத்தை ஆஸ்டின் அம்மையார் அறியவே மாட்டார். பெட்போர்டுக் கோமகள் அன்னா என்பார் 1840 அளவில் அதனைத் தொடங்கினார் என்பது ஆங்கிலேயரிடை வழங்கும் வரலாறு. ஆஸ்டின் காலத்திலே தேநீர் காலை உணவோடும், இராவுணவுக்குப் பின்னரும் பருகப்பட்டது. 1784ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேயிலை வரி நூற்றுக்கு 119 என்பதிலிருந்து 12½ ஆகக் குறைந்த பின்னரும், வீட்டார் அதனைப் பூட்டி வைத்தே வழங்கினர். சாட்டன் என்னும் ஊரிலிருந்த அவர் இல்லத்தில் தேயிலையும் சர்க்கரையும் இருந்த அலமாரி அவர் பொறுப்பில் இருந்தது; காலைத் தேநீரை ஆயத்தம் செய்பவரும் அவரே. ஆகவே தேயிலையின் அருமையை அவர் நன்கறிவார்.

அவர் நாவல்களிலே தேநீர் வரும் இடங்களை நோக்குமின். 'நார்தாங்கர் ஆபி'யில், இதே பாத் நகரத்து நடன மண்டபத்தில், அறிமுகமானவர் ஒருவரும் இன்றி, பிறர் அமர்ந்த தேநீர் மேசையின் ஓரத்தில் கூச்சத்தோடு ஒதுங்கி அமர்கின்றாள் காதரின் என்னும் பெண். அங்கே தேநீர் என்பது தனிமை. 'பிரைடு அண்டு பிரஜுடிஸ்' நாவலில், டார்சியோடு ஒரு சொல்லேனும் பேச இயலுமோ என்று எலிசபெத் ஏங்கியிருக்கையில், தேநீர் மேசையைச் சுற்றிப் பெண்கள் நெருங்கி அமர்ந்துகொள்ள, ஒரு நாற்காலி இடுதற்கும் இடமின்றிப் போகின்றது. அங்கே தேநீர் என்பது தடை. 'மான்ஸ்பீல்டு பார்க்' நாவலில், விரும்பாத ஒருவனின் காதற் பேச்சில் அகப்பட்டுத் தவிக்கும் பானியை, ஏவலர் தேநீர்த் தட்டுகளோடு வரும் வருகை காப்பாற்றுகின்றது. அங்கே தேநீர் என்பது விடுதலை. இவ்வளவு பொருள் ஒரு கோப்பைக்குள் அடங்கும் என்பதை, அக்கோப்பையைக் கையிலேந்திய நாளில் யான் அறிந்திலேன். அறிந்து அமர்ந்திருப்பின் அத்தேநீர் இன்னும் எவ்வளவு சுவைத்திருக்கும்!

இனி, கோப்பையினுள்ளே இருந்த இலையைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். யான் கேட்டு வாங்கியது இலங்கைத் தேயிலை. ஆஸ்டின் காலத்துத் தேயிலை சீனத்திலிருந்து வந்தது. இனிப்புக்கு இட்ட சர்க்கரையோ, அவர் காலத்து ஆங்கிலேயர் பலர் வெளிப்படையாகப் பேச நாணிய அடிமைகளின் உழைப்பால் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. 'மான்ஸ்பீல்டு பார்க்' நாவலில் அடிமை வாணிகத்தைப் பற்றிப் பானி ஒரு கேள்வி கேட்கின்றாள். கூடத்தில் இருந்தோர் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதை ஆசிரியர் குறிக்கத் தவறவில்லை. அசாமின் தேயிலை இலண்டனில் முதன்முதல் ஏலத்துக்கு வந்தது 1839ஆம் ஆண்டில். இலங்கையிலே ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டது 1867ஆம் ஆண்டில். பின்னர்க் காப்பித் தோட்டங்கள் நோயால் அழிய, மலையெங்கும் தேயிலை பரவிற்று. அதனைப் பறித்த கைகள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற நம்மவர் கைகள்.

அத்தேயிலைக்கும் இலக்கியம் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குச் சென்ற மருதியின் வாழ்வைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' என்னும் கதையில் எழுதினார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் என்பார், அங்குத் தாம் அறிந்த கொடுமைகளை 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலாக 1969ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். ஒரு முனையில் ஆஸ்டினின் கோப்பை. மறுமுனையில் மருதியின் கூடை. இரண்டுக்கும் இடையே உள்ள கணக்கை எந்த மேசை விரிப்பும் காட்டாது; நூல்களே காட்டும். பாத் நகரிலே இலங்கைத் தேயிலையின் மணத்தை நுகர்ந்து மகிழ்ந்த யான், தமிழிலக்கிய மாணவனாயிருந்தும், அம்மருதியை நினைந்திலேன். இஃது என் இரண்டாவது நாணம்.

அங்ஙனமாயின், இத்தகைய தேநீரகங்கள் வேண்டாதவையோ? நண்பர் ஒருவரிடம் இவற்றையெல்லாம் கூறியபோது, "வாணிகருக்கு இலக்கியம் ஒரு விளம்பரப் பலகை, ஆஸ்டின் பெயரை நீக்கி வேறு பெயரை எழுதினால் ரொட்டியின் சுவை மாறுமோ? இவை யாவும் பொய்க்கோலம்" என்று அவர் கடிந்துரைத்தார். யான் அதனை ஒப்பேன். நகைக்கடையையும் துணிக்கடையையும் நாடிச் செல்லும் மக்கள், ஒரு பிற்பகலேனும் ஒரு நூலாசிரியரின் பெயரை நாடிப் படியேறி வருவது சிறிய செய்தியன்று. அன்றியும், அடுத்த மேசையிலிருந்த சிறுமியை யான் மறக்கமாட்டேன். சுவரில் அப்படம் இல்லையாயின் அவள் கேள்வி கேட்டிராள்; அவள் கேளாவிடின் முதியவர் கதை சொல்லியிரார். அச்சிறுமி இன்னும் சில ஆண்டுகளில் அந்நாவலைத் தானே எடுத்து வாசிப்பாள் என்று நம்ப இடமுண்டு. என் செய்தியும் அதுவே. தேநீரகத்தில் நாணியிராவிடின், நூல் நிலையத்தில் அந்நாவலை யான் தேடியிரேன். ஆகவே தேநீரகம் ஒரு வாயில். வாயிலைப் பழிப்பவன் அறிவிலி. வாயிலிலேயே தங்கி, வீட்டைக் கண்டேன் என்பவனும் அறிவிலியே.

குறை தேநீரகத்தினிடம் இல்லை, விருந்தினனிடமே உண்டு. அக்குறை ஆங்கில நாட்டில் மட்டும் உள்ளதும் அன்று. நம் கல்லூரியிலே முத்தமிழ் விழா வருகின்றது. மேடை நாவலிக்கக் கன்னித் தமிழையும், கடல்கொண்ட நூல்களையும் புகழ்கின்றோம். கைதட்டல் கூரையைப் பிளக்கின்றது. விழா முடிந்த மறுநாள் நூல் நிலையத்தில் சங்க நூல்கள் இருக்கும் அலமாரியை நோக்கினால், முந்திய வாரத்திற் படிந்த தூசி கலையாமல் இருக்கின்றது. தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாமே தேர்வுக்குரிய பாடல்களையும் வினா விடைச் சுருக்கங்களையும் அன்றி நூல் முழுமையும் ஓதினோம் என்று மார்தட்ட இயலுமோ? "எத்தனை படித்திருக்கிறாய்?" என்று எவரேனும் கேட்டால், எண்ணிக்கை கூறாமற் புகழ்ச்சி கூறி நழுவுகின்றோம். புகழ்ச்சி எளிது, வாசிப்பு அரிது. எளியதை அரியதற்கு ஈடாகக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்க முயல்வது நேர்மையன்று.

இதனால் இலக்கியத் தேநீரகத்துக்குச் செல்ல விரும்பும் அன்பர்கட்கு யான் கூறும் யோசனை சிறியது. செல்லுமின், மகிழ்ந்து உண்மின், படமும் பிடித்துக்கொள்ளுமின். ஆயின் செல்லுமுன் அவ்வாசிரியரின் நூல் ஒன்றையேனும் தொடக்கமுதல் இறுதிவரை வாசித்துவிடுமின். செல்லுமுன் இயலாவிடின், திரும்பிய ஒரு வாரத்துக்குள்ளேனும் வாசிமின். மேசையின்மேல் இருக்கும் பொருள்களுள் எவை ஆசிரியரின் காலத்தவை, எவை பிற்காலத்தார் சேர்த்தவை என்று வினவுமின். பணியாளர் மகிழ்ந்து விடையளிப்பர். கோப்பையிலுள்ள இலை எந்த மலையிலிருந்து வந்தது, பறித்தவர் யாவர் என்றும் ஒரு கணம் எண்ணுமின். எவரேனும் "எத்தனை நூல் படித்தீர்?" என்று கேட்டால், உண்மையான எண்ணைக் கூறுமின். அவ்வெண் சுழியாயினும் தாழ்வில்லை. சுழியிலிருந்தே எண்கள் தொடங்குகின்றன.

என் கணக்கை ஈண்டு வெளிப்படையாகக் கூறிவிடுகின்றேன். ஜேன் ஆஸ்டின் முற்ற எழுதி முடித்த நாவல்கள் ஆறு. இவ்வியாசம் எழுதும் நாள்வரை அவற்றுள் நான்கை வாசித்திருக்கின்றேன், இரண்டு எஞ்சியுள்ளன. இப்பொழுது கையில் இருப்பது 'பர்சுவேஷன்'. அதிலே கடற்படைத் தளபதி கிராப்டும் அவர் மனைவியாரும் பாத் நகரில் வாடகைக்கு அமர்த்திக்கொள்ளும் இல்லம் எவ்வீதியில் உள்ளதென்று கண்டபோது, விடுதி அறையில் தனியே சிரித்தேன். கே வீதி! அவ்வீதியின் மேட்டை என் கால்கள் அறியும் என்பதால், அப்பக்கம் எனக்கு ஒரு படி மிகுதியாக உயிர்பெற்றது. தேநீரகத்துக்குச் சென்றதன் பயன் இதுவே. அப்பயனும் நூலைத் திறந்த பின்னரே கைகூடிற்று.

சென்ற திங்களில் என் தமக்கையாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நலம் உசாவியபின், "அக்கா, அன்று தாங்கள் கேட்ட கேள்விக்கு விடை நான்கு" என்று ஒரு வரி சேர்த்தேன். அவரிடமிருந்து வந்த மறுமொழியும் ஒரு வரியே: "அடுத்த முறை நீ வரும்போது, தேநீருக்குக் கட்டணம் நான் தருகிறேன், கதையை நீ சொல்ல வேண்டும்."

எம் தேநீரும் ஆறிப்போகும் அந்நாளை ஆவலோடு எதிர்நோக்கியிருக்கின்றேன்.